கெல்டாலின் குடுவை

உயிர்களின் உடலைக் கட்டும் பொருள்களுள் தலைமையானது புரதம். தசையும் தோலும் மயிரும் நகமும் பெரும்பாலும் புரதத்தால் ஆனவை. உண்ட உணவைச் செரிக்கச் செய்யும் நொதிகளும், குருதியில் உயிர்க்காற்றைச் சுமந்து செல்லும் செந்நிறப் பொருளும் புரதங்களே. வளரும் குழந்தைக்கும், கருவுற்ற தாய்க்கும், நோயினின்று தேறி எழுபவர்க்கும் புரதம் மிகுதியாகத் தேவைப்படுகின்றது. பால், முட்டை, மீன், பருப்பு ஆகியவற்றில் அது நிறைந்துள்ளது.

ஆனால், எந்த உணவில் எவ்வளவு புரதம் உள்ளது என்பது கண்ணால் கண்டு கூறத்தக்கதன்று. நிறமோ, சுவையோ, மணமோ அதனைக் காட்டிக் கொடுப்பதில்லை. நீர் கலந்த பாலும் வெண்மையாகவே தோன்றும். சத்துக் குறைந்த மாவும் மென்மையாகவே இருக்கும். ஆதலின் உணவில் உள்ள புரதத்தை அளந்தே அறிதல் வேண்டும். இன்று கடைகளில் விற்கும் பால்மாவுப் பெட்டியின்மீது, ‘100 கிராமில் இத்தனை கிராம் புரதம்’ என்று ஓர் எண் அச்சிடப்பட்டுள்ளது. அச்சிறிய எண்ணின் பின்னால் நெடியதொரு வரலாறு உண்டு. அவ்வரலாறு, ஆய்வுக்கூடத்தில் காலத்தைச் சுருக்க மனிதன் செய்த முயற்சியின் வரலாறே ஆகும்.

சமையலறையில் உண்பதற்கு ஆகும் நேரம் சிறிது. அரிந்து, அரைத்து, வேகவைத்து எடுப்பதற்கு ஆகும் நேரமே பெரிது. ஆய்வுக்கூடத்திலும் அவ்வாறே. அளக்கும் செயல் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அளப்பதற்கு ஏற்றவாறு பொருளை ஆயத்தம் செய்வதற்கே மணிக்கணக்கில், சில வேளைகளில் நாட்கணக்கில், காலம் செல்லும்.

ஆயத்தத்தின் முதற்படி மாதிரி எடுத்தல். ‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது பழமொழி. பானையில் உள்ள சோறு ஒரே நீரில், ஒரே நெருப்பில் கொதித்தது. ஆதலால் ஒரு பருக்கை மற்றெல்லாவற்றுக்கும் சான்றாகிறது. ஆனால், பல வயல்களிலிருந்து வந்து குவிந்த தானியக் குவியல் அத்தகையதன்று. அதன் மேற்புறத்தில் ஒரு பிடியும் அடியில் ஒரு பிடியும் தம்முள் வேறுபடும். எனவே குவியலின் பல இடங்களிலிருந்தும் சிறிது சிறிதாக எடுத்து ஒன்றாகக் கலப்பர். கலந்ததை வட்டமாகப் பரப்பி நான்கு கூறாகப் பிரிப்பர். எதிரெதிரான இரண்டு கூறுகளைக் கொண்டு, மற்ற இரண்டையும் நீக்குவர். எஞ்சியதை மீண்டும் கலந்து, மீண்டும் பிரிப்பர். இவ்வாறு மூட்டைக்கணக்கில் இருந்த தானியம், தன் இயல்பு மாறாமல் ஒரு கையளவாகக் குறுகும். பின்னர் அதனை நன்றாக அரைத்துச் சலிப்பர். அரைத்த மாவில் ஈரம் எவ்வளவு என்பதையும் கணித்துக்கொள்வர். ஈரமான மாவில் நீரும் எடையில் சேர்ந்துகொள்ளும் அன்றோ? இத்துணையும் முடிந்த பின்னரே, ஒரு கிராம் அளவுள்ள மாவு தராசுத் தட்டில் ஏறும்.

இனி, அந்த ஒரு கிராம் மாவில் புரதம் எவ்வளவு என்பதை எவ்வாறு அறிவது? மாவில் மாச்சத்து உண்டு, கொழுப்பு உண்டு, நார் உண்டு, அவற்றோடு புரதம் பின்னிக் கிடக்கின்றது. அதனை மட்டும் தனியே பிரித்தெடுத்து நிறுத்தல் மிக அரிய செயல். ஆனால், இயற்கை ஓர் அடையாளத்தை வைத்துள்ளது. மாச்சத்தும் கொழுப்பும் கரி, நீரகம், உயிர்க்காற்று ஆகிய மூன்றால் ஆனவை. புரதத்திலோ இம்மூன்றோடு நைட்ரஜனும் உண்டு. புரதத்தின் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 16 பங்கு நைட்ரஜன் ஆகும். ஆதலால் உணவில் உள்ள நைட்ரஜனை அளந்து, அவ்வளவை 6.25 ஆல் பெருக்கினால் புரதத்தின் அளவு கிடைக்கும். நூறை 16 ஆல் வகுத்தால் வருவதே 6.25. எல்லாப் புரதங்களிலும் நைட்ரஜன் ஒரே அளவில் இருப்பதில்லை. ஆகையால் பாலுக்கு 6.38 என்றும், கோதுமை மாவுக்கு 5.7 என்றும் தனித்தனி எண்கள் வழங்குகின்றன.

நைட்ரஜனை அளக்கும் வழியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பிரெஞ்சு நாட்டு அறிஞர் ழான் பாப்திஸ்து டூமா கண்டிருந்தார். பொருளைச் செப்பு ஆக்ஸைடுடன் கலந்து குழாயில் இட்டு எரித்து, வெளிப்படும் வாயுக்களுள் நைட்ரஜனைத் தனியே பிரித்து, அதன் பருமனை அளப்பது அவர் முறை. முறை நுட்பமானது, ஆனால், அந்நாளில் அதனைச் செய்து முடிக்கப் பெரும் பொறுமையும் கைத்திறனும் வேண்டியிருந்தன. குழாயில் காற்று சிறிது புகுந்தாலும் கணக்குப் பிழைபடும். ஒரு நேரத்தில் ஒரு மாதிரியைத்தான் எரிக்கவும் இயலும். 1841-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர்களாகிய வில், வாரென்ட்ராப் என்னும் இருவர், பொருளைச் சோடாச் சுண்ணாம்புடன் சேர்த்துச் சூடேற்றி, நைட்ரஜனை அம்மோனியாவாக்கி அளக்கும் முறையைக் கண்டனர். அது டூமாவின் முறையினும் எளிது. எனினும் எல்லாப் பொருள்களுக்கும் அது நம்பத்தக்க விடையைத் தரவில்லை.

இந்நிலையில் டென்மார்க்கு நாட்டுத் தலைநகராகிய கோப்பன்ஹேகனில் ஓர் ஆய்வுக்கூடம் தோன்றியது. கார்ல்ஸ்பர்க் என்னும் பெயருடைய மதுபான ஆலையை 1847-ஆம் ஆண்டில் தொடங்கியவர் ஜே. சி. யாக்கப்சன் என்பவர். பார்லியை முளைக்கச் செய்து பானம் வடிக்கும் தொழில், அதுவரை பழக்கத்தாலும் கைப்பக்குவத்தாலுமே நடந்து வந்தது. அதனை அறிவியலின் அடிப்படையில் நிறுத்த விரும்பிய அவர், 1875-ஆம் ஆண்டில் தம் ஆலையை ஒட்டி ஓர் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். அங்குக் காணப்படும் உண்மைகளை மறைத்து வைத்தல் கூடாது. உலகறிய வெளியிடுதல் வேண்டும் என்பது அவர் விதித்த நெறி. தொழில் மறைபொருளைப் பூட்டி வைக்கும் வணிக உலகில் இத்தகைய பெருந்தன்மை அரிதன்றோ?

அவ்வாய்வுக்கூடத்தின் வேதியியல் பகுதிக்குத் தலைவராக 1876-ஆம் ஆண்டில் அமர்ந்தவர் யோஹான் கெல்டால். அவர் 1849-ஆம் ஆண்டில் டென்மார்க்கில் பிறந்தவர். பார்லியில் புரதம் மிகுந்தால் பானம் கலங்கும். முளைக்கும்போது புரதம் மாறுதல் அடையும். இம்மாறுதல்களைப் படிப்படியாக அறிய வேண்டுமானால் ஒன்றிரண்டு மாதிரிகள் போதா. பலப்பல மாதிரிகளை அளத்தல் வேண்டும். அக்கால முறைகளைக் கொண்டு அவற்றையெல்லாம் அளப்பது பெரும்பாடு. தேவையே புதுமைக்குத் தாயாயிற்று. நைட்ரஜனை விரைவாகவும் எளிதாகவும் அளக்கும் வழியைத் தேட முற்பட்டார் கெல்டால்.

நெருப்பில் இட்டு எரிப்பதற்கு மாறாக, அமிலத்தில் இட்டுக் கொதிக்க வைத்தார் அவர். அடர்ந்த கந்தக அமிலத்தில் மாவை இட்டுக் கொதிக்கச் செய்தால், முதலில் அது கரிந்து தார்போலக் கறுத்துவிடும். மேலும் கொதிக்கக் கொதிக்கக் கருமை பழுப்பாகும், பழுப்பு மஞ்சளாகும், இறுதியில் நீர்மம் தெளிந்துவிடும். அப்பொழுது மாவில் இருந்த கரி, கரியமில வாயுவாகி வெளியேறிவிட்டது. நைட்ரஜனோ வெளியேறவில்லை, அது அம்மோனியாவாகி, அமிலத்தோடு சேர்ந்து அம்மோனியம் சல்பேட்டு என்னும் உப்பாக அங்கேயே சிறைப்பட்டிருக்கும். இவ்வாறு பொருளை அமிலத்தில் கரைத்துச் சிதைத்தலே இம்முறையின் உயிர்நாடி.

பின்னர்த் தெளிந்த நீர்மத்தை ஆறவைத்து, நீர் சேர்த்து, காரத்தைப் பெய்வர். காரம் புகுந்தவுடன் அம்மோனியா சிறையினின்று விடுபடும். அதனைக் காய்ச்சி வடித்து, அளவு தெரிந்த அமிலத்தில் செலுத்துவர். அம்மோனியா அந்த அமிலத்தின் ஒரு பகுதியைச் செயலற்றதாக்கும். எஞ்சிய அமிலம் எவ்வளவு என்று பார்த்தால், வந்து சேர்ந்த அம்மோனியா எவ்வளவு என்பது விளங்கும். அதிலிருந்து நைட்ரஜனும், நைட்ரஜனிலிருந்து புரதமும் கணக்கிடப்படும். எடுத்துக்காட்டாக, ஒரு கிராம் துவரம்பருப்பு மாவில் 0.0352 கிராம் நைட்ரஜன் இருப்பதாகக் கொள்வோமாயின், அதனை 6.25 ஆல் பெருக்க 0.22 கிராம் வரும். அதாவது அம்மாவில் நூற்றுக்கு 22 பங்கு புரதம் உண்டு என்பது பொருள்.

1883-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 7-ஆம் நாள், டென்மார்க்கு நாட்டு வேதியியற் கழகத்தில் கெல்டால் இம்முறையை எடுத்துரைத்தார். அவ்வாண்டிலேயே ஜெர்மானிய ஆய்விதழ் ஒன்றிலும் அது வெளிவந்தது. சில ஆண்டுகளுக்குள் பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் அதனை ஏற்றுக்கொண்டன. அதன் சிறப்புக்குக் காரணம் யாது? இம்முறையில் காற்றுப் புகாத குழாய்கள் தேவையில்லை. வாயுவின் பருமனை அளக்கும் தொல்லையில்லை. நீண்ட கழுத்தும் பேரிக்காய் போன்ற வயிறும் உடைய கண்ணாடிக் குடுவை ஒன்றே போதும். குடுவையைச் சாய்த்து வைத்துக் கொதிக்கச் செய்தால், மேலெழும் அமில ஆவி நீண்ட கழுத்தில் குளிர்ந்து மீண்டும் கீழே வழிந்துவிடும். அத்தகைய குடுவைகள் பலவற்றை வரிசையாக வைத்து ஒரே நேரத்தில் கொதிக்கச் செய்யலாம். ஒரு குடுவைக்கு ஆகும் காலத்தில் பத்துக் குடுவைகள் முடிந்துவிடும். ஒவ்வொன்றையும் விரைவுபடுத்துவது ஒருவகை. பலவற்றை ஒருங்கே நடத்துவது மற்றொரு வகை. கெல்டாலின் முறை இரண்டாவது வழியையும் திறந்துவிட்டது. அக்குடுவை இன்றும் ‘கெல்டால் குடுவை’ என்றே வழங்கப்படுகிறது.

ஆயினும் அமிலத்தில் சிதையும் வேலை மெல்லவே நடந்தது. அதனை விரைவுபடுத்தப் பலர் முயன்றனர். 1885-ஆம் ஆண்டில் ஜெர்மானியராகிய வில்ஃபார்த் என்பவர், உலோக ஆக்ஸைடுகளைச் சிறிதளவு சேர்த்தால் சிதைவு விரைந்து நடைபெறுதலைக் கண்டார். அவற்றுள் பாதரசம் மிக வல்லமை உடையதாக விளங்கியது. தாம் மாறாமல் நின்று வினையை விரைவுபடுத்தும் இத்தகைய பொருள்கள் வினையூக்கிகள் எனப்படும். 1889-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டினராகிய கன்னிங் என்பவர் வேறொரு வழி கண்டார். கந்தக அமிலம் ஏறத்தாழ 338 பாகை செல்சியசில் கொதிக்கும். அதற்குமேல் எத்துணை நெருப்பு மூட்டினும் வெப்பநிலை உயராது. கன்னிங் அதில் பொட்டாசியம் சல்பேட்டைச் சேர்த்தார். உப்புக் கலந்த நீர் வெறும் நீரினும் மிகுந்த வெப்பத்தில் கொதிப்பதுபோல, அமிலத்தின் கொதிநிலையும் உயர்ந்தது, சிதைவும் விரைந்தது. வினையூக்கி ஒருபுறமும், உயர்ந்த வெப்பம் ஒருபுறமும் துணை நிற்க, நெடுநேரம் நடந்த வேலை மிகவும் சுருங்கிற்று.

ஆனால், விரைவுக்கும் ஓர் எல்லை உண்டு. உப்பை மிகுதியாகச் சேர்த்து வெப்பம் 400 பாகையைக் கடந்தால், சிறைப்பட்ட அம்மோனியா சிதைந்து வெளியேறத் தொடங்கும். அப்பொழுது புரதம் உள்ளதினும் குறைவாகத் தோன்றும். பாதரசம் மற்றொரு தொல்லையைத் தந்தது. அது அம்மோனியாவைப் பற்றிக்கொள்ளும்; அப்பிடியை விடுவிக்க வேறொரு மருந்தைச் சேர்க்கவேண்டும். மேலும் பாதரசம் கொடிய நஞ்சு. கழிவுநீரோடு கலந்து ஆற்றையும் மண்ணையும் கெடுக்கவல்லது. ஆதலால் விரைவில் சிறிது குறைந்தாலும் கேடு குறைந்த செப்புச் சேர்மங்களையே இன்று பெரும்பாலான ஆய்வுக்கூடங்கள் விரும்புகின்றன.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொறிகள் துணைக்கு வந்தன. துளைகள் இட்ட உலோகக் கட்டியை மின்சாரத்தால் சூடேற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு கண்ணாடிக் குழாயை நிறுத்தினர். 20 அல்லது 40 குழாய்களில் ஒரே நேரத்தில், ஒரே வெப்பத்தில் சிதைவு நடைபெறலாயிற்று. காய்ச்சி வடித்தலையும் அளத்தலையும் பொறிகளே செய்யத் தொடங்கின. பழைய டூமாவின் முறையும் புத்துயிர் பெற்றது. தூய உயிர்க்காற்றில் பொருளை மிகுந்த வெப்பத்தில் எரித்து, நைட்ரஜனைத் தாமே அளந்து காட்டும் கருவிகள் தோன்றின. அவை ஒரு மாதிரியைச் சில நிமிடங்களில் முடிக்கின்றன. கொதிக்கும் அமிலமும் அவற்றுக்குத் தேவையில்லை. மெதுவானது என்று ஒதுக்கப்பட்ட முறை, கருவி திருந்தியபின் விரைவானதாகத் திரும்பி வந்தது வியப்பே.

ஆயத்தமே இன்றி அளக்கும் வழியும் உண்டு. அமெரிக்க நாட்டு வேளாண்மைத் துறையில் பணியாற்றிய கார்ல் நாரிஸ் என்பவர், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களைத் தானியத்தின்மீது செலுத்தி, அது எவ்வெவ்வகைக் கதிரை உட்கொள்கிறது என்பதைக் கொண்டு அதன் இயல்பை அறியும் வழியை வகுத்தார். கனடா நாட்டில் கோதுமையின் விலை அதில் உள்ள புரதத்தின் அளவையும் பொறுத்தது. அறுவடைக் காலத்தில் வந்து குவியும் மாதிரிகளையெல்லாம் அமிலத்தில் கொதிக்க வைத்துப் பார்ப்பது கடினம். ஆகவே 1975-ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தானிய ஆணையம் இக்கதிர்முறையைக் கைக்கொண்டது. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. கதிர்க்கருவி தானாக எதனையும் அறியாது. கெல்டால் முறையாலோ டூமா முறையாலோ முன்னரே அளந்த மாதிரிகளைக் காட்டி அதற்குப் பயிற்சி தரவேண்டும். விரைந்து செல்லும் கருவியும், மெதுவாகச் செல்லும் பழைய முறையைச் சான்றாகக் கொண்டே நிற்கின்றது.

இனி, இம்முறைகளின் பெருங்குறை ஒன்று உண்டு. அவை அளப்பது நைட்ரஜனை; புரதத்தையன்று. நைட்ரஜன் உள்ள இடமெல்லாம் புரதம் உள்ளது என்பது ஒரு நம்பிக்கை. நேர்மையான உணவில் அந்நம்பிக்கை பெரும்பாலும் பொய்ப்பதில்லை. வஞ்சகர் கையில் அதுவே பெருந்தீங்குக்கு வாயிலாயிற்று. 2008-ஆம் ஆண்டில் சீன நாட்டில் அது நிகழ்ந்தது. பாலில் நீரைக் கலந்தவர்கள், நீரால் குறைந்த நைட்ரஜன் அளவை மீண்டும் உயர்த்திக் காட்டுவதற்காக மெலமின் என்னும் பொருளைச் சேர்த்தனர். தட்டும் கிண்ணமும் செய்யும் செயற்கைப் பொருளுக்கு உறுப்பாக உதவுவது மெலமின். அதன் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 66 பங்கு நைட்ரஜன். சோதனையில் அப்பால் நல்ல பாலாகவே தேறியது. அதிலிருந்து செய்த பால்மாவை உண்ட பச்சிளங் குழந்தைகளின் சிறுநீரகங்களில் கற்கள் தோன்றின. ஏறத்தாழ 3,00,000 குழந்தைகள் நோயுற்றனர். ஆறு குழந்தைகள் உயிரிழந்தனர். எண் சரியாகவே வந்தது. ஆனால், அந்த எண் சொன்ன செய்தி பொய்யாக இருந்தது.

இத்தகைய வஞ்சத்தைத் தடுக்க வழி இல்லையோ? உண்டு. அவ்வழி மாதிரியை ஆயத்தம் செய்வதில் ஒரு படியைக் கூட்டுவதே ஆகும். பாலில் டிரைகுளோரோ அசிட்டிக அமிலம் என்னும் பொருளைச் சேர்த்தால் புரதம் திரைந்து கீழே படியும். யூரியா, மெலமின் முதலிய சிறுபொருள்கள் பெரும்பாலும் நீரிலேயே தங்கிவிடும். வடிகட்டி, படிந்ததை மட்டும் அளந்தால் உண்மைப் புரதம் வெளிப்படும். சில நிமிடங்கள் மிகுதியாகும். ஆனால், பொய் வெளியாகும்.

இன்னும் நுட்பமாக அறிய விரும்புவோர் புரதத்தை அதன் உறுப்புகளாகிய அமினோ அமிலங்களாகவே பிரித்து அளப்பர். இதற்குப் புரதத்தை ஹைட்ரோகுளோரிக அமிலத்தில் இட்டு, 110 பாகை செல்சியசில் 24 மணி நேரம் வைப்பது வழக்கம். இங்கும் காலத்தின் அருமை விளங்கும். நேரம் குறைந்தால் உறுதியான சில பிணைப்புகள் அறுபடா. நேரம் மிகுந்தால் மென்மையான சில அமினோ அமிலங்கள் அழிந்துபோகும். அமிலங்களைப் பிரித்து அளக்கும் பகுதி ஒருகாலத்தில் இரு வாரங்கள் வரை நீண்டது. அமெரிக்க நாட்டு ராக்ஃபெல்லர் ஆய்வுநிலையத்தில் ஸ்பாக்மன், ஸ்டைன், மூர் ஆகிய மூவரும் 1958-ஆம் ஆண்டில் அமைத்த தானியங்கிக் கருவி, அதனை ஏறத்தாழ ஒரு நாளாகக் குறைத்தது. ஸ்டைனும் மூரும் 1972-ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றனர். இந்நாளில் நுண்ணலையால் சூடேற்றி, 24 மணி நேரச் சிதைவையும் சுருக்குகின்றனர்.

கெல்டால் 1900-ஆம் ஆண்டில் மறைந்தார். அவருக்குப் பின் அப்பதவியை ஏற்ற சோரன்சன் என்பவரே, நீர்மத்தின் அமிலத்தன்மையை எண்ணால் குறிக்கும் பி.எச். என்னும் அளவுமுறையை 1909-ஆம் ஆண்டில் வகுத்தவர். ஒரு பானத்தின் கலங்கலை நீக்க எழுந்த ஆராய்ச்சி, உலகெங்கும் குழந்தைகளின் பாலையும் மக்களின் மாவையும் சோதிக்கும் முறையாக வளர்ந்தது. மதுபான ஆலையின் செல்வர் அதனை மறைத்து வைக்காமல் வெளியிடச் செய்ததனாலன்றோ அது பிற நாட்டார் கையிலும் திருந்தி வளர்ந்தது?

ஆய்வுக்கூடத்தில் விரைவு வேண்டும். கெட்ட பால் கடைக்குச் செல்லுமுன் விடை கிடைக்கவேண்டும். உழவன் காத்து நிற்காமல் தன் விளைவின் விலையைப் பெறவேண்டும். ஆனால், எந்தப் படியைச் சுருக்கலாம், எந்தப் படியைச் சுருக்கலாகாது என்று அறிவதே அறிவியலாளர் கடமை. குடுவையில் இருப்பது ஒரு கிராம் மாவேயாயினும், அதன் விடையை நம்பி உண்பவர் பல்லாயிரவர். அவர்களுள் பேசவும் அறியாத குழந்தைகளும் உண்டு என்பதை மறத்தல் ஆகாது.